"வெரி குட்" மட்டும் போதாது: யாழ்ப்பாணத்தில் இருந்தபடியே ஆங்கிலச் சொல்வளம் சேர்க்கும் வழி

"விசாரித்தோம்" என்ற ஒரு சொல்லால் என் வேலையே போகப் பார்த்தது.

போர் முடிந்த பிறகு வன்னியில் வேலை செய்த ஒரு நிறுவனத்தில் நான் கள உத்தியோகத்தர். கணவரை இழந்த 40 பெண்களை வீடு வீடாகப் போய்ச் சந்தித்து, என்ன உதவி வேண்டும் என்று கேட்டு வந்தோம். அறிக்கை ஆங்கிலத்தில் போக வேண்டும். "ஆஸ்க்ட்" என்று எழுத எனக்கு வெட்கம். அஞ்சாம் வகுப்புப் பிள்ளையின் சொல் போல இருந்தது. அகராதியைப் புரட்டினேன். "இன்டெரொகேட்" என்ற சொல்லுக்கு எதிரே "விசாரி" என்று போட்டிருந்தது. நல்ல கனமான சொல். 40 பெண்களையும் இன்டெரொகேட் செய்தோம் என்று எழுதிக் கொழும்புக்கு அனுப்பிவிட்டு நிம்மதியாகப் படுத்தேன். அடுத்த நாள் காலை எட்டு மணிக்கே கோல் வந்துவிட்டது. "அந்தப் பெண்களை நீங்கள் என்ன செய்தீர்கள்?"

கலியாண வீட்டில் சுகம் கேட்பதும் தமிழில் விசாரிப்புத்தான். மறித்து வைத்துக் குறுக்குக் கேள்வி கேட்பதும் விசாரிப்புத்தான். ஆங்கிலத்தில் இரண்டாவதுக்கு மட்டும்தான் இன்டெரொகேட். எங்கள் ஊரில் அந்த வித்தியாசம் தெரியாத ஆள் இல்லை. எனக்குத் தெரியாமல் இருந்தது அந்த ஆங்கிலச் சொல்லின் முகம்.

அதற்குப் பிறகு இரண்டு வருடம் தட்டுத் தடுமாறிப் படித்ததைத்தான் கீழே படிப்படியாக எழுதுகிறேன். ஓ.எல். அளவு ஆங்கிலம் வாசித்தால் விளங்கும், ஆனால் எழுதவோ கதைக்கவோ வெளிக்கிட்டால் "குட்", "பேட்", "நைஸ்", "வெரி" நான்கையும் விட்டால் கதியில்லை என்று இருப்பவர்களுக்கு இது. எழுத்தே தட்டுப்படுகிறவர்கள் முதலில் இலக்கணத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

ஆங்கிலச் சொற்களை எல்லாம் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். சரியான எழுத்துக்கூட்டை நீங்களே அகராதியில் தேடிப் பிடியுங்கள். முதல் பயிற்சி அதுதான்.

1. எதற்காக என்பதை முதலில் முடிவெடுங்கள்

பஞ்சிப்படாமல் இதைச் செய்யுங்கள். கம்பஸ் போகிறவருக்கு வேண்டிய சொல் வேறு, கனடாவுக்கு விண்ணப்பிக்கிறவருக்கு வேண்டிய சொல் வேறு, பாங்கில் கவுண்டரில் நிற்கிறவருக்கு வேண்டியது வேறு.

வெளிநாட்டுப் படிப்புக்கும் குடிபெயர்வுக்கும் கேட்கும் ஆங்கிலப் பரீட்சையான ஐ.ஈ.எல்.ரி.எஸ். எழுதுகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். எழுத்து, பேச்சு இரண்டு பகுதியிலும் புள்ளி போடும் அளவுகோல்கள் நான்கு. அதில் ஒன்று முழுக்கச் சொல்வளத்துக்கு. நான்கும் சம பங்கு, அதாவது அந்தப் பகுதியின் கால்வாசிப் புள்ளி சொல்லில் நிற்கிறது. பெறுபேறு செல்லுபடியாவது இரண்டு வருடம் மட்டும். ஆகவே முதலில் சொல்லைச் சேருங்கள், பிறகு பரீட்சைக்குக் காசு கட்டுங்கள். மாறிச் செய்து இரண்டு தரம் காசு கட்டியவர்களை எனக்குத் தெரியும்.

எத்தனை சொல் வேண்டும் என்று எல்லாரும் கேட்பார்கள். போல் நேஷன் என்ற நியூசிலாந்து ஆய்வாளர் 2006 இல் போட்ட கணக்குப்படி, ஆங்கிலப் பத்திரிகையையோ நாவலையோ அகராதி இல்லாமல் வாசிக்க எட்டாயிரம் முதல் ஒன்பதாயிரம் சொற்குடும்பம் (ஒரு சொல்லும் அதிலிருந்து பிறக்கும் வடிவங்களும் சேர்ந்து ஒரு குடும்பம்) வேண்டும். பேச்சை விளங்க ஆறாயிரம், ஏழாயிரம். இந்தத் தொகையைக் கண்டு பயப்படாதீர்கள். அது வாசித்து விளங்குவதற்கான கணக்கு. வாயிலும் பேனையிலும் வர வேண்டிய சொல் அதைவிட எவ்வளவோ குறைவு. இந்தக் கட்டுரை அந்தச் சின்னத் தொகையைப் பற்றியது.

2. கையில் இருக்க வேண்டியவை, செலவு

ஒரு சி.ஆர். கொப்பி. மலிவான கொப்பியே காணும், வடிவான டயரி வாங்காதீர்கள். வடிவான டயரியில் பிழையாக எழுதப் பயம் வரும். நான் வாங்கிய டயரி இன்னும் வெறுமையாக அலுமாரியில் கிடக்கிறது.

பிறகு அகராதி. இங்கேதான் எங்கள் ஆட்கள் பெரும்பாலும் வழுக்குகிறார்கள். ஆங்கில-தமிழ் அகராதி சொல்லின் பொருளை மட்டும் காட்டும், அதன் சுபாவத்தைக் காட்டாது. "அனோய்ட்", "அங்ரி", "பியூரியஸ்" மூன்றுக்கும் கோபம் என்றே எழுதி வைத்திருக்கும். எனக்கு நடந்ததும் அதுதான். மாணவருக்கென்று செய்த ஆங்கில-ஆங்கில அகராதியைப் பாவியுங்கள். ஒக்ஸ்போர்ட் லேர்னர்ஸ், கேம்பிரிட்ஜ், லோங்மன் மூன்றும் இணையத்தில் இலவசம். லோங்மன் தன் விளக்கங்களைச் சுமார் 2000 சாதாரணச் சொற்களுக்குள்ளேயே எழுதுகிறது. ஆங்கிலத்தில் அகராதி பார்க்கப் பயப்படுகிறவர்கள் அதிலிருந்து தொடங்கலாம். ஒக்ஸ்போர்ட்டில் "ஒக்ஸ்போர்ட் 3000" என்ற பட்டியல் இருக்கிறது. மிக எளிய ஏ1 இலிருந்து ஏ2, பி1 என்று ஏறி பி2 வரை ஒவ்வொரு சொல்லுக்கும் மட்டம் குறித்திருக்கும். ஏ1, ஏ2 சொற்களில் ஓட்டை இருந்தால் அதை முதலில் அடையுங்கள்.

கைபேசியில் சொல் அட்டை வைக்க விரும்பினால் "அங்கி" என்ற செயலி இருக்கிறது. கணினியிலும் அன்ட்ரொயிட்டிலும் இலவசம். ஐபோனில் 24.99 அமெரிக்க டொலர். அதற்கு அவ்வளவு காசு கொடுக்க வேண்டாம், கடதாசி அட்டையே காணும்.

நூலக அங்கத்துவம் எடுக்கலாம் என்றால் அடையாள அட்டையையும் அதன் பிரதியையும் கொண்டு போங்கள். விண்ணப்பப் படிவத்தில் பிணை நிற்பவரின் கையொப்பம் கேட்பது எங்கள் பொது நூலகங்களில் வழக்கம். ஆகவே முதல் நாள் படிவத்தை வாங்கிக்கொண்டு வந்து, ஆறுதலாக நிரப்பி, இரண்டாம் நாள் கொடுங்கள். ஒரே நாளில் முடிக்கலாம் என்று வெயிலுக்குள் சைக்கிள் ஓடினால் ஏமாற்றம்தான்.

சந்திக்குச் சந்தி "30 நாளில் சரளமான ஆங்கிலம்" என்று போஸ்டர் ஒட்டியிருக்கிறார்கள். காசு கட்ட முன் மூன்று கேள்வி கேளுங்கள். வகுப்பில் எத்தனை பேர்? ஒரு மணித்தியாலத்தில் நான் எத்தனை நிமிடம் வாய் திறப்பேன்? முதல் வகுப்பைச் சும்மா இருந்து பார்க்கலாமா? மூன்றாவது கேள்விக்கு முகம் சுளித்தால் திரும்பி வாருங்கள். மூன்று மாதக் காசை முன்பணமாகக் கேட்கிற இடத்தில் பற்றுச்சீட்டு வாங்காமல் ஒரு சதமும் கொடுக்காதீர்கள். நான் கட்டிய ஒரு வகுப்பு ஆறாம் கிழமையோடு பூட்டுப்பட்டது. காசும் போய் விட்டது.

3. தேய்ந்த சொற்களைப் பிடியுங்கள்

ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் 20 நிமிடம் ஒதுக்குங்கள். நேற்று நடந்த ஒரு விஷயத்தை ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதுங்கள். அகராதி பார்க்கக் கூடாது. எழுதி முடித்த பிறகு சிவப்புப் பேனையால் இந்தச் சொற்களைச் சுற்றிப் போடுங்கள்: குட், பேட், நைஸ், பிக், ஹப்பி, சேட், வெரி, திங், கோ, செட், லுக்.

என் முதல் பக்கத்தில் "வெரி" மட்டும் 11 தரம் வந்தது. மாமி வெரி ஹப்பி, சாப்பாடு வெரி நைஸ், பஸ் வெரி லேட், வெயில் வெரி ஹொட். மாமியின் சந்தோஷமும் சாப்பாட்டின் ருசியும் ஒரே அகப்பையால் அள்ளப்பட்டுக் கிடந்தன.

அந்தப் பக்கத்தைக் கிழிக்காதீர்கள். திகதி போட்டுக் கொப்பியின் முதல் பக்கத்தில் ஒட்டுங்கள். நீங்கள் தேட வேண்டிய சொற்களின் பட்டியல் அதுதான். இணையத்தில் வரும் "பரீட்சைக்கு 500 சொல்" பட்டியலில் உங்கள் மாமி இல்லை.

4. தமிழிலிருந்து தொடங்குங்கள்

இதை எந்த வகுப்பிலும் எனக்குச் சொல்லித் தரவில்லை. நானாகக் கண்டுபிடிக்க ஒரு வருடம் போனது.

நீங்கள் ஏற்கெனவே நுணுக்கமாகத்தான் கதைக்கிறீர்கள், தமிழில். அம்மாவுக்கு வருத்தம் என்றால் "நோகுது" என்று மட்டுமா சொல்கிறா? "கால் உளையுது, நாரி பிடிக்குது, நெஞ்சு எரியுது, தலை விண் விண்ணெண்டு இடிக்குது" என்று நாலு விதமாகச் சொல்கிறா. அந்த நாலையும் நாங்கள் டொக்டருக்கு முன்னால் "பெயின், டொக்டர்" என்று ஒரே சொல்லில் கட்டிக் கொடுக்கிறோம். தெற்கிலிருந்து வந்த, தமிழ் அவ்வளவு தெரியாத டொக்டர் என்றால் அவரும் பாவம்தான்.

ஆகவே உளைவுக்கு "ஏக்" அல்லது "டல் ஏக்". விண் விண் என்றால் "த்ரொபிங்". ஊசியாய்க் குத்தினால் "ஸ்டாபிங் பெயின்". எரிவுக்கு "பேர்னிங்". நரம்பு இழுத்துப் பிடித்தால் "க்ராம்ப்". விறைத்தால் "நம்", மின்சாரம் போல ஊர்ந்தால் "டிங்ளிங்". இந்த ஏழு சொல்லையும் நான் ஒரே பின்னேரத்தில் படித்தேன், பிறகு மறக்கவே இல்லை. ஒவ்வொன்றுக்கும் உள்ளே ஏற்கெனவே ஒரு தமிழ்ச் சொல் இடம் போட்டு வைத்திருந்ததுதான் காரணம்.

செய்முறை இதுதான். கொப்பியின் இடப்பக்கத்தில் வீட்டில் புழங்கும் ஒரு சொல்லை எழுதுங்கள். புத்தகத் தமிழ் வேண்டாம், அம்மம்மாவின் தமிழ். வலப்பக்கத்தில் அதற்குப் பொருந்தும் ஆங்கிலச் சொல்லைத் தேடுங்கள். என் கொப்பியிலிருந்து சில:

கொதி. "அங்ரி" என்று எழுதினால் அரைவாசிதான். வெளியே காட்டாமல் உள்ளே கொதிக்கிற ஆளுக்கு "சீதிங்". அந்த ஆங்கிலச் சொல்லும் கொதித்தலில் இருந்து வந்ததுதான். இதைக் கண்டுபிடித்த அன்று எனக்குச் சரியான புளுகம்.

புளுகம். அதற்கு "டிலைட்டட்". துள்ளிக் குதிக்கிற அளவு என்றால் "த்ரில்ட்". பிறர் படுகிற பாட்டைப் பார்த்து வருகிற புளுகம் என்றால் "க்ளோட்", அது கெட்ட சொல்.

பஞ்சி. "லேசி" என்று எழுதினால் ஆளின் குணத்தையே குறை சொல்வதாகிவிடும். இன்றைக்குப் பஞ்சியாக இருக்கிறது என்பதற்குச் சிநேகிதரிடம் "ஐ கான்ற் பீ பொதர்ட்" என்பார்கள். மேலதிகாரியிடம் அதைச் சொல்லிவிடாதீர்கள். மனம் வராமல் செய்கிறேன் என்று சொல்ல "ரிலக்டன்ட்" இருக்கிறது.

அந்தரம். இதற்கு ஒரே சொல் கிடையாது. பஸ் வராமல் அந்தரப்பட்டால் "ரெஸ்ட்லெஸ்". பெறுபேறு வருகிற அன்றைய அந்தரம் "ஒன் எட்ஜ்". காசு இல்லாமல் அந்தரித்து நிற்பது "டெஸ்பரேட்". ஒரு தமிழ்ச் சொல்லுக்கு மூன்று ஆங்கிலச் சொல் கிடைத்தால் விடாதீர்கள், மூன்றையும் எழுதி, எந்த இடத்துக்கு எது என்று பக்கத்தில் ஒரு வரி போடுங்கள்.

ஆக்கினை. சின்னப்பிள்ளை ஐஸ்கிறீம் கேட்டு ஆக்கினை கொடுப்பது "பெஸ்டர்". அரியண்டமான ஆள் "நியூசன்ஸ்". அலுவலகத்தில் படிவத்துக்காக அலைக்கழிகிற கரைச்சல் "ஹசில்".

வெயிலையும் விடாதீர்கள். வைகாசியில் காண்டாவனம் தொடங்கினால் "வெரி ஹொட்" என்று சொல்லிப் பயனில்லை. சுட்டெரிக்கிற வெயில் "ஸ்கோர்ச்சிங்". ஈரமும் புழுக்கமுமாக இருந்தால் "மகி". காற்றோட்டமில்லாத அறைக்குள் மூச்சு முட்டினால் "ஸ்டபி". மாரியில் தூறினால் "டிரிசில்", தகரக் கூரையில் சோவெண்டு கொட்டினால் "டவுன்போர்", நாலு நாளாக விடாத அடைமழைக்கு "இன்செசன்ட்".

நடையும் அப்படித்தான். நல்லூர்த் திருவிழாவில் மணல் வீதியில் ஆறுதலாக நடப்பது "ஸ்ட்ரோல்". வெறும் காலோடு சுடுமணலில் களைத்து இழுபட்டு வருவது "ட்ரட்ஜ்". நொண்டி நடப்பது "லிம்ப்". வெறியில் தள்ளாடுவது "ஸ்டாகர்". பிந்தி வீட்டுக்கு வந்து, அப்பா எழும்பாமல் நுனிக்காலில் போவது "டிப்டோ". வினைச்சொல் சரியாக விழுந்தால் வாக்கியத்தில் "வெரி" தானாகவே உதிர்ந்துவிடும். பெயரடைகளைத் துரத்துகிறவர்களுக்கு என் ஆலோசனை, முதல் ஆறு மாதம் வினைச்சொற்களைப் பிடியுங்கள்.

ஒரு எச்சரிக்கை. கூகிள் மொழிபெயர்ப்பில் "பஞ்சி", "புளுகம்" என்று அடித்துப் பார்க்காதீர்கள். எங்கள் பேச்சுத் தமிழ் அதற்குப் பிடிபடாது. பொருளை முதலில் எளிய ஆங்கிலத்தில் ஒரு வரியாக யோசித்து, அந்த எளிய சொல்லை அகராதியில் போட்டு, அதன் கீழே காட்டும் ஒத்தசொற்களைப் பாருங்கள்.

5. சொல்லைத் தனியே வீட்டுக்குக் கூட்டி வராதீர்கள்

தமிழில் மழை பெய்யும், காற்று வீசும், இடி இடிக்கும். "காற்று பெய்தது" என்று யாரும் சொல்வதில்லை. ஆங்கிலச் சொற்களுக்கும் இப்படிக் கூட்டாளிகள் உண்டு. மழை "ஹெவி", காற்று "ஸ்ட்ரோங்". தேத்தண்ணியும் "ஸ்ட்ரோங்"தான், "தடிப்பான ரீ" என்பதை நினைத்து "திக் ரீ" என்று கேட்டால் வெள்ளைக்காரர் முழிப்பார்.

கொப்பியில் ஒரு சொல்லைத் தனியே எழுதுவதைத் தடை செய்யுங்கள். எப்போதும் இரண்டு மூன்று சொல்லாக, கூட்டாளியோடு எழுதுங்கள். "எக்ஸோஸ்டட்" என்று எழுதினால் போதாது, "அப்சலூட்லி எக்ஸோஸ்டட்" என்று எழுதுங்கள். இதில் ஒரு பொறி இருக்கிறது. எக்ஸோஸ்டட், பியூரியஸ், ப்ரீசிங் போன்ற சொற்கள் ஏற்கெனவே உச்சியில் நிற்பவை. அவற்றுக்கு முன்னால் "வெரி" போடக் கூடாது, "அப்சலூட்லி" போடலாம். "டயர்ட்", "அங்ரி", "கோல்ட்" போன்றவற்றுக்குத்தான் "வெரி". இந்தப் பிழையை நான் ஒரு வருடம் முழுக்கச் செய்தேன். யாரும் திருத்தவில்லை, விளங்கியது தானே என்று விட்டுவிட்டார்கள்.

தேவையில்லாமல் ஒட்டிக்கொள்ளும் கூட்டாளிகளும் உண்டு. "டிஸ்கஸ் எபவுட்" என்று எங்கள் அலுவலகக் கடிதம் முழுக்க எழுதுவோம். "டிஸ்கஸ்" தனியே நிற்கும், "எபவுட்" வேண்டாம். "கோப் அப் வித்" என்பதும் பிழை, "கோப் வித்" போதும்.

6. சொல்லின் முகத்தைப் பாருங்கள்

என் அறிக்கை விழுந்தது இந்தக் குழியில்.

ஒக்ஸ்போர்ட் லேர்னர்ஸ் அகராதியில் பல சொற்களுக்குப் பக்கத்தில் சின்னக் குறிப்பு இருக்கும்: போர்மல், இன்போர்மல், அப்ரூவிங், டிஸ்அப்ரூவிங், ஓல்ட்-பாஷன்ட், லிட்ரறி, ஒபென்சிவ். எல்லாரும் அதைத் தாண்டிப் பொருளுக்கு ஓடுவார்கள். நீங்கள் பொருளுக்கு முன் அதைப் பாருங்கள். "டிஸ்அப்ரூவிங்" என்று கண்டால் கொப்பியில் அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் சிவப்புப் புள்ளி ஒன்று வையுங்கள்.

எங்கள் ஊரிலிருந்தே உதாரணம் சொல்கிறேன். பக்கத்து வீட்டில் என்ன சத்தம் என்று வேலிக்கு மேலால் எட்டிப் பார்க்கிறவரை "விடுப்புப் பார்க்கிறார்" என்கிறோம். அதே ஆர்வத்தோடு விஞ்ஞானக் கேள்வி கேட்கிற பிள்ளையை "விடுப்பு" என்று யாரும் சொல்ல மாட்டார்கள். முதலாவது "நோசி", சிவப்புப் புள்ளி. இரண்டாவது "கியூரியஸ்". இன்டர்வியூவில் உங்களைப் பற்றிச் சொல்லும்போது மாறிச் சொல்லிவிடாதீர்கள்.

மெலிந்தவரைச் சொல்வதிலும் கவனம். "ஸ்லிம்" பாராட்டு. "தின்" நடுவிலே. "ஸ்கினி" என்றால் பெரும்பாலும் குறை. "எமேசியேட்டட்" என்றால் பட்டினியாலோ நோயாலோ எலும்பும் தோலுமாகிப் போனவர். சுவிசிலிருந்து வந்த மச்சாளிடம் நான்காவதைச் சொன்ன ஒரு தம்பியை எனக்குத் தெரியும். சொக்லேட் கிடைக்கவில்லை.

எங்கள் நாட்டுக்குள் மட்டும் செல்லும் ஆங்கிலமும் உண்டு. "ஷோர்ட் ஈட்ஸ்", "கூல் ஸ்பொட்" என்றால் இங்கே எல்லாருக்கும் விளங்கும். அவை பிழையான சொற்கள் என்று நான் சொல்ல மாட்டேன், இலங்கை ஆங்கிலத்துக்குச் சொந்தமானவை. ஆனால் வெளிநாட்டாருக்கு எழுதும் கடிதத்தில் பக்கத்தில் ஒரு விளக்கம் வையுங்கள். படிப்பு முடித்ததை "பாஸ்ட் அவுட்" என்று எழுதுவதை மட்டும் தவிருங்கள். வெளியே பலருக்கு அது மயங்கி விழுந்ததாகவே படும்.

7. நேர அட்டவணை

கிழமைக்கு 10 சொற்கூட்டு. அதற்கு மேல் வேண்டாம். வருடத்துக்கு 500 வரும். அவ்வளவையும் உண்மையாகவே வாயில் வைத்திருப்பவரை யாழ்ப்பாணத்தில் எந்த அலுவலகமும் திரும்பிப் பார்க்கும். நான் தொடக்கத்தில் நாளுக்கு 20 என்று தொடங்கி, ஒன்பதாம் நாள் கொப்பியை மூடி வைத்தவள்.

திங்களும் செவ்வாயும் தலா ஐந்து புதியவை. புதன், வியாழன் அவற்றை வைத்து வாக்கியம் எழுதுவது. வெள்ளி, கோயிலுக்குப் போய் வந்த பிறகு, கொப்பியின் வலப்பக்கத்தை மூடிவிட்டு இடப்பக்கத்தை மட்டும் பார்த்துச் சொல்வது. சனி ஓய்வு. ஞாயிறு, மூன்றாம் படியில் செய்தது போல ஒரு பக்கம் எழுதுவது.

மறதிக்கு மருந்து, மறக்கப் போகிற நேரத்தில் ஒருக்கா எட்டிப் பார்ப்பது. படித்த அடுத்த நாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், பிறகு மூன்று கிழமை கழித்து. கடதாசி அட்டை வைத்திருப்பவர்கள் நாலு பிஸ்கட் பெட்டி எடுங்கள். சரியாகச் சொன்ன அட்டை அடுத்த பெட்டிக்கு, பிழைத்தது திரும்ப முதலாவதுக்கு. இதை லைட்னர் முறை என்பார்கள். ஒரே இரவில் 50 தரம் எழுதிப் பாடமாக்குவது பரீட்சை மண்டபம் வரைக்கும் தாங்கும், வாசலைத் தாண்டாது.

8. எங்கே வாசிப்பது, எதைக் கேட்பது

ஞாயிற்றுக்கிழமை ஆங்கிலப் பத்திரிகை ஒன்றை எடுங்கள். சண்டே ரைம்ஸோ சண்டே ஒப்சேவரோ, எதுவும் சரி. ஆசிரியர் தலையங்கத்தில் தொடங்காதீர்கள், சலித்துப் போகும். கடைசிப் பக்கத்து கிரிக்கெட்டில் தொடங்குங்கள். விளையாட்டுச் செய்தி எழுதுகிறவருக்கு ஒரே விஷயத்தைக் கிழமைக்குக் கிழமை வேறு வேறு வினைச்சொல்லால் சொல்ல வேண்டிய கட்டாயம். அணி "கொலப்ஸ்" ஆகும், ஒருவர் பந்தை "ஸ்மாஷ்" பண்ணுவார், இன்னொருவர் "எட்ஜ்" பண்ணிப் பிடி கொடுப்பார். பங்குனியில் சென்ற் ஜோன்ஸுக்கும் மத்திய கல்லூரிக்கும் நடக்கும் வடக்கின் பெரும்போரைப் பார்த்தவர்கள், அடுத்த நாள் அதன் ஆங்கிலச் செய்தியைத் தேடி வாசியுங்கள். ஆட்டம் கண்ணால் கண்டது, ஆகவே தெரியாத சொல்லும் அரைவாசி தானே விளங்கும்.

ஒரு பக்கத்தில் தெரியாத சொல் 20 கண்டால், மூன்றை மட்டும் அகராதியில் பாருங்கள். இரண்டாம் தரமும் எதிர்ப்படும் சொல்லைத்தான் கொப்பியில் ஏற்ற வேண்டும்.

கேட்பதற்கு பி.பி.சி.யின் "சிக்ஸ் மினிற் இங்லிஷ்" இருக்கிறது. இலவசம், எழுத்து வடிவமும் கூடவே வரும். வீட்டில் வைஃபையில் இறக்கிக்கொண்டு போனால் பருத்தித்துறை பஸ்ஸில் வீடு போய்ச் சேர முன் ஒரே நிகழ்ச்சியை மூன்று நாலு தரம் கேட்கலாம். முதல் தரம் சும்மா, இரண்டாம் தரம் எழுத்தைப் பார்த்து, மூன்றாம் தரம் உதட்டுக்குள் சேர்ந்து சொல்லியபடி. பக்கத்தில் இருக்கிறவர் தேவாரம் சொல்வதாக நினைத்துக்கொள்வார்.

9. வாயில் வர வைப்பது

உச்சரிப்பை அகராதியில் ஒலிபெருக்கிப் படத்தை அழுத்திக் கேட்காமல் ஒரு சொல்லையும் வெளியே எடுக்காதீர்கள். எழுத்தைப் பார்த்து ஊகித்தால் மாட்டுப்படுவீர்கள். "டெட்" என்று சொல்ல வேண்டிய கடனை "டெப்ட்" என்று மூன்று வருடம் கணக்காளர் முன்னால் சொல்லி வந்தேன்.

பிறகு ஒரு ஆளைப் பிடியுங்கள். ஒரே நிலையில் இருக்கிற, உங்களைப் போலவே வெட்கப்படுகிற ஒருவர் போதும். நானும் என்னோடு வேலை செய்த ஒரு அக்காவும் செவ்வாய்க்கிழமைகளில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் 15 நிமிடம் ஆங்கிலத்தில் மட்டும் கதைப்போம். சட்டம் ஒன்றுதான், "வெரி" சொன்னவர் பிளேன்ரீ வாங்கிக் கொடுக்க வேண்டும். முதல் மாதம் முழுக்க நான்தான் வாங்கிக் கொடுத்தேன்.

"உவ பெரிய இங்லிஷ்காரி" என்று யாரும் நக்கலடிப்பார்கள். எங்கள் ஊரில் அது நடக்காமல் விடாது. அதனால்தான் புதிய சொல்லை முதலில் எழுத்தில் மூன்று தரம் பாவித்துப் பழகிய பிறகு வாயில் எடுங்கள் என்கிறேன். தடுமாறாமல் வந்தால் நக்கலுக்கு இடமில்லை. ஒரு வாக்கியத்துக்கு ஒரு கனமான சொல் போதும். சாம்பாரில் மூன்று தரம் உப்புப் போட்ட மாதிரி எழுதிய என் பழைய விண்ணப்பக் கடிதங்களை இப்போது பார்த்தால், அழைக்காமல் விட்டவர்களில் பிழையே இல்லை.

பழைய சி.ஆர். கொப்பியின் முதல் பக்கத்தை ஆறு மாதத்துக்கு ஒருக்கா திறந்து, அதே விஷயத்தைத் திரும்ப எழுதிப் பாருங்கள். என் இரண்டாம் பதிப்பில் "வெரி" மூன்று தரம் வந்தது. மாமி "பீமிங்", அதாவது முகமெல்லாம் சிரிப்பு. பஸ் மட்டும் இன்னமும் வெரி லேட். அதற்கு வேறு சொல் தேடுவதை விட்டுவிட்டேன்.